ஜக்காம்பேட்டையிலிருந்து முண்டியம்பாக்கம் வரை

அன்றைக்கு என் கடையில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். கல்லூரி பஸ் டிரைவர் தென்னரசு, லேமினேஷன் மிஷின் பக்கத்தில் ஸ்டூலில், முதுகைச் சுவரில் ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அம்சவள்ளி ஷட்டர் ஓரமாகக் காகிதப் பெட்டிகள் மேல். பிரான்சிஸ் உள்ளே வரவே இல்லை. அவர் தென்னரசுவோடு ஒரு காலத்தில் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டியவர். வாசலில் பைக்கை ஸ்டாண்டு போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து தலையை மட்டும் கடைக்குள் நீட்டிக்கொண்டிருந்தார். அந்த பஸ்ஸில் படிக்கப் போகிற இரண்டாம் வருஷப் பெண் மலர்விழி என் சுழல் நாற்காலியில். காறை எலும்பு உடைந்து கையைக் கழுத்தோடு தொங்கவிட்டுக் கட்டியிருந்ததால் சாய்ந்துகொள்ள இடம் அவளுக்குத்தான் வேண்டியிருந்தது. நான் வாடிக்கையாளர் பெஞ்சில், மடியில் அட்டையும் தாளும்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் எழுதிக்கொண்டுதான் மற்றதை எழுதுவேன். திண்டிவனத்தில் பதினேழு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்து, கேட்பவர்களுக்கு மனுவும் கடிதமும் எழுதித் தருகிறேன். ஒரு பாகப்பிரிவினை விஷயத்தில் என்னைக் கோர்ட்டில் ஏற்றி, "யார் சொல்லி எழுதினீங்க, அப்ப பக்கத்துல யார் இருந்தா?" என்று கேட்டபோது நான் பேய்முழி முழித்தேன். அன்றிலிருந்து இந்தப் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். கல்லூரி நிர்வாகம் தென்னரசுவுக்குக் கொடுத்த நோட்டீஸுக்கு அன்று ஏழாவது நாள். போன வாரம் திங்கட்கிழமை காலை முண்டியம்பாக்கம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பஸ் ரோட்டை விட்டு இடது பக்கம் இறங்கி, கரும்புக் கொல்லையில் பாதி சாய்ந்து நின்றது. முப்பத்தோரு பிள்ளைகள். உயிர் ஒன்றும் போகவில்லை. மலர்விழிக்கு எலும்பு, இன்னும் இரண்டு பேருக்கு நெற்றியில் தையல். டிரைவர் போதையில் இருந்ததாகப் புகார் வந்திருக்கிறது, ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தபாலில் அனுப்பாவிட்டால் மேல் நடவடிக்கை என்று நோட்டீஸ் சொன்னது.

"ஊத சொன்னாங்க, ஊதினேன். ஒண்ணும் காட்டல," என்றார் தென்னரசு. "அப்பறம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்க. ரிசல்ட் இன்னும் வரல."

"வந்தா அதுல டீ மட்டுந்தான் இருக்கும்," என்றார் பிரான்சிஸ் வாசலிலிருந்து. "கலை, நீ எழுதுமா. பிரேக் புடிக்கலன்னு எழுது. பஸ்ஸு பழசு, அது வாயத் தொறந்து இல்லன்னா சொல்லப்போவுது?"

"பிரேக் நல்லாதான் இருந்தது பிரான்சிஸு."

"உனுக்கு எப்பிடித் தெரியும்? நீதான் ஒண்ணும் ஞாபகம் இல்லன்ற."

தென்னரசு தாடியைச் சொறிந்தார். எட்டு நாள் தாடி. கண்ணுக்குக் கீழே தோல் ஈரத் துணி மாதிரித் தொங்கியது. அவர் கடிதம் எழுத வந்தது விளக்கம் சொல்ல அல்ல. வேலையை விடுகிறேன், லைசென்ஸை ஆர்டிஓ ஆபீசில் ஒப்படைத்துவிடுகிறேன், இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று எழுதச் சொல்லி வந்திருந்தார். இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். வேறு வேலை தெரியாது.

"எழுதறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும் மா," என்றார் என்னிடம். "அதுக்குத்தான் இந்தப் பொண்ணைக் கெஞ்சி வரச் சொன்னேன். ஜக்காம்பேட்டை வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்குது. அங்க ஒரு டிராக்டர் குறுக்க வந்துச்சி, ஹாரன் அடிச்சேன். அதுக்கப்பறம் கரும்பு. கண்ணாடி மேல கரும்புத் தோகை. நடுவுல ஒண்ணுமே இல்ல. தூங்கி எழுந்தா, தூங்கினோம்னாவது ஒரு இது இருக்குமில்ல? அது கூட இல்ல."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தபோது என்னை எண்ணச் சொன்னார்கள். ஆறு சொன்னேன். ஏழு சொல்ல வாயெடுத்தபோது வார்டில் இருந்தேன், மூன்று மணி நேரம் போயிருந்தது. அந்த மூன்று மணி நேரம் இருட்டாகக்கூட இல்லை. அப்படி ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை. ஆனால் நான் மேஜையில் கிடந்தேன், யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. இவர் அந்த நேரத்தில் இருபத்தைந்து கிலோமீட்டர் பஸ் ஓட்டியிருக்கிறார்.

"நீ எங்க உக்காந்திருந்த?" என்று மலர்விழியைக் கேட்டேன்.

"டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி, ஜன்னல் ஓரம். எப்பவும் அங்கதான் க்கா. அண்ணன் முகம் கண்ணாடியில தெரியும்."

"தூங்கினாரா?"

அவள் தென்னரசுவைப் பார்த்தாள். "இல்ல க்கா. கண்ணு தொறந்துதான் இருந்தது. கூட்டேரிப்பட்டுல நிறுத்தினாரு. ரெண்டு பேர் ஓடி வந்தாங்க. 'ஜல்தி ஏறுங்கடா, உங்க அப்பன் வீட்டு பஸ்ஸா'ன்னு திட்டினாரு. எல்லாரும் சிரிச்சோம்."

"நானா?"

"ஆமாண்ணா."

"நான் புள்ளைங்கள அப்பிடில்லாம் பேசமாட்டேன்."

"அதான் சிரிச்சோம். அப்பறம் விக்கிரவாண்டி டோல்ல எப்பவும் போற லேன்லயே கரெக்டா போனீங்க. முன்னாடி ஒரு கார் நின்னுச்சி, நின்னு போனீங்க."

பிரான்சிஸ் தொடையில் தட்டினார். "டேய் தென்னா, நான் முழிச்சிக்கினு ஓட்டறத விட நீ இல்லாம ஓட்டினது நல்லா இருந்திருக்குதுடா!"

யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப யாருமா ஓட்டுனது?" என்றார் தென்னரசு. அவர் கேட்டது எங்களில் யாரையும் பார்த்து அல்ல. "கண்ணு என்னுது. கை என்னுது. வாய் கூட என்னுதாம். நான் எங்க போனேன்? நாளைக்கு வூட்டுல இருக்கும்போதே இப்பிடிப் போயிட்டு, கையில அருவா இருந்தா?"

அவருடைய பயம் எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கே தெரியும். லாரி ஓட்டிய காலத்தில் பிரான்சிஸும் அவரும் தூக்கம் வராமல் இருக்க மாத்திரை போட்டார்கள். முழிப்பு மாத்திரை என்பார்கள். நாலு நாள், ஐந்து நாள் கண் மூடாமல் நாக்பூர் போய் வருவது. பிரான்சிஸ் எப்படியோ தப்பித்தார். தென்னரசு ரோட்டில் இல்லாத ஆட்களுக்கு பிரேக் போட ஆரம்பித்தார். பிறகு திருவக்கரையில் கயிறு கட்டிக்கொண்டு, இனி எந்த மாத்திரையும் நாக்கில் படாது என்று அம்மன் முன்னால் சொல்லி விட்டுவிட்டார். காய்ச்சல் வந்தால்கூடக் கஷாயம்தான். மாத்திரை போனது, ஆனால் தூக்கம் திரும்பி வரவில்லை. பகல் வேலைக்கு மாறி மூன்று வருஷம் ஆகியும் ராத்திரியில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். போன வருஷம் ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். இவர் அதைத் தொடவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் தூக்கம் வந்தது. வந்ததும் மனுஷன் மாறிப்போனார். ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று கடை கடையாகச் சொன்னார். திருவக்கரைக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்து எனக்கும் ஒரு தூக்கு நிறையக் கொடுத்தார்.

"பழைய மாத்திரைதான் மா," என்றார் இப்போது. "அது எங்கியோ உள்ள பதுங்கிக்கினு இருந்திருக்குது. மூளைய அரிச்சிட்டுது. நீ எழுது. நான் ஓட்ட லாயக்கில்லாதவன்னு எழுது."

நான் அனுப்புநர், பெறுநர் எழுதி, பொருள், பார்வை வரைக்கும் வந்துவிட்டேன். இப்படி எழுதிய கடிதங்கள் எத்தனையோ. தன் மேல் தானே தீர்ப்பு எழுதச் சொல்பவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பு இல்லை. இருந்தாலும் வழக்கத்தை விடாமல் மலர்விழியிடம் கேட்டேன். "டோல் தாண்டினதுக்கு அப்பறம்? இல்ல, அதுக்கு முன்னாடி ஏதாவது விட்டுட்டியா?"

"போன் பேசினாரு க்கா."

"யாரு?"

"டிரைவர்ண்ணன். கூட்டேரிப்பட்டு தாண்டினதும். ஸ்பீக்கர்ல போட்டாரு. ஒரு அம்மா குரல். 'எங்க இருக்கீங்க, தூக்கம் வருதா'ன்னு கேட்டாங்க. இவரு, 'கூட்டேரிப்பட்டு தாண்டிட்டேன், வை'ன்னாரு. அவ்ளோதான்."

தென்னரசு மெதுவாகத் திரும்பினார். அவருடைய போன் விபத்தில் நொறுங்கிவிட்டது. அதில் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

"அம்சா, நீயா போன் பண்ண?"

அம்சவள்ளி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வண்டி ஓட்டும்போது போனே பண்ணமாட்டியே நீ. பதினெட்டு வருஷத்துல ஒரு தபா கூட பண்ணதில்லயே. தூக்கம் வருதான்னு எதுக்குக் கேட்ட?"

"கேட்டேன்."

"அதான் எதுக்கு?"

ரோட்டில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பிறகு அம்சவள்ளி எழுந்திருக்காமல், குரலை உயர்த்தாமல், அரிசி விலை சொல்வது போலச் சொன்னாள்.

"கூழுல மாத்திரை இருந்துச்சி. டாக்டர் எழுதிக் குடுத்தாரே, அது. அரை மாத்திரை. நுணுக்கி தெனம் ராத்திரி உங்க கேப்பைக் கூழுல கலக்கிக் குடுத்துக்கினு இருந்தேன்."

பிரான்சிஸ் பைக்கிலிருந்து இறங்கினார்.

"அய்யய்யோ. இன்னா அம்சா சொல்ற?"

"சும்மா இருங்கண்ணா, சொல்லிடறேன்." அவள் என்னைப் பார்த்தாள். எழுதிக்கொள் என்பது போல இருந்தது. "ஞாயித்துக்கிழமை காணை கிராமத்துல எங்க சொந்தத்துல ரிசப்ஷன். அங்கியே சாப்ட்டு வந்தாரு. நான் அதுக்கு முன்னாடியே கூழக் கரைச்சி சொம்புல வெச்சிட்டேன். வந்தவரு வயிறு ரொம்பியிருக்குது, வேணாம்னு படுத்துட்டாரு. அன்னிக்கு ராத்திரி பூரா பொரண்டாரு. கூழக் கொட்டியிருக்கணும். கேப்பைக் கூழ யாரு கொட்டுவா? காலையில நான் எழுந்து கொட்டிக்கலாம்னு அசந்துட்டேன். அஞ்சு மணிக்குத் தண்ணி வந்துச்சி, கொடத்தத் தூக்கிக்கினு ஓடிட்டேன். திரும்பி வந்தா இவரு கெளம்பிட்டாரு. சொம்பு கழுவிக் கவுத்து வெச்சிருக்குது."

"மோரு ஊத்திக் குடிச்சேன்," என்றார் தென்னரசு. "வெங்காயம் கடிச்சிக்கினு. ராத்திரிக் கூழு தானேன்னு."

"அதான். சொம்பப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எதுர்வூட்டு ஆயாவக் கேட்டேன், கொட்டினாரா குடிச்சாரான்னு. தெரியலன்னிச்சி. அப்பறந்தான் போன் பண்ணேன். நல்லாதான் பேசுனீங்க. கூட்டேரிப்பட்டுன்னு ஊரு பேரெல்லாம் சரியா சொன்னீங்க. தூங்கறவன் எங்கனா ஊரு பேரு சொல்லுவானா? சரி, கொட்டியிருப்பாருன்னு வெச்சிட்டேன். நிறுத்தச் சொல்லியிருக்கணும். சொல்லல."

மலர்விழி தன் கட்டுப் போட்ட கையை மறு கையால் பிடித்துக்கொண்டாள். அம்சவள்ளி அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள். "எம்மா, உன் கைய ஒடைச்சது இவரு இல்ல. நான்தான்."

அந்தப் பெண் "பரவால்ல க்கா" என்று பாதி சொல்லி, பரவாயில்லை என்பது பொய் என்று பட்டிருக்க வேண்டும், நிறுத்திவிட்டாள்.

தென்னரசு கத்துவார் என்று நினைத்தேன். பிரான்சிஸும் அப்படித்தான் நினைத்தார் போல, இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். தென்னரசு கத்தவில்லை.

"எத்தினி நாளு?"

"அம்பத்திரெண்டு."

"அத்தினியும் மாத்திரையா?"

"ம்."

"ஒரு நாளு கூட நானா தூங்கலியா?"

அம்சவள்ளி தலைப்பை இன்னும் இறுக்கிச் சுற்றினாள்.

"பொங்க வெச்சோமே அம்சா. பானைய நீதான கிண்டுன. நான் உழுந்து கும்பிட்டுக்கினு இருக்கேன், நீ பக்கத்துல நின்னு கிண்டிக்கினு இருந்தியே."

"இன்னா பண்ணச் சொல்றீங்க?" அவள் குரல் முதல் முறையாக உடைந்தது. "மூணு வருஷமா நீங்க முழிச்சிருந்தா நானுந்தான் முழிச்சிக் கெடந்தேன். மல்லாட்டை மில்லுல கடலை சலிக்கறப்ப நின்னுக்கினே தூங்கறேன்னு சூப்ரைசர் திட்டறான். உங்க கிட்ட சொன்னா நாக்குல படாதுன்றீங்க. நாக்குல படாமத்தான் குடுத்தேன், கூழுல."

"நல்லா இருக்குது உன் கணக்கு," என்றார் தென்னரசு.

அதில் கோபம் இல்லை. ரொம்ப தூரம் ஓட்டி வந்து எஞ்சினை அணைத்த மாதிரி இருந்தது. கொஞ்சம் கழித்து, "கனவே வரல அந்த அம்பது நாளும்," என்றார். "நிம்மதியாக் கெடக்கறோம், அதான் வரலன்னு நெனச்சேன்."

பிரான்சிஸ்தான் காரியத்துக்கு வந்தார். "இத இத்தோட உட்டுடலாம். கலை, இவன் முன்ன சொன்னதையே எழுது. வேலைய உட்டுட்டேன்னு. இது வெளிய போச்சின்னா அம்சாவத் தூக்கி உள்ள வெப்பான். குடிகாரன்னு பேரு வந்தா வந்துட்டுப் போவுது. ஆம்பளைக்கு அது ஒரு பேஜாரா?"

"அப்ப ரத்தத்துல மாத்திரைன்னு ரிசல்ட் வருமே?" என்றாள் மலர்விழி. "எங்க குரூப்புல ஏற்கனவே கஞ்சான்னு போடறாங்க. அண்ணன் கஞ்சா அடிச்சிட்டு எங்கள ஏத்திக்கினு போனாருன்னு. எங்க அப்பாவே அப்பிடித்தான் சொல்றாரு. இன்னிக்கு என்னை வரக்கூடாதுன்னாரு. அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். "கேஸ் ஆகுமா ஆகாதான்னு எனக்குத் தெரியாது. வக்கீல் தேவநாதன் சார்கிட்ட கேக்கலாம், ஆனா அவரு இன்னிக்கு விழுப்புரம் கோர்ட்டுக்குப் போயிட்டாரு. நோட்டீஸுக்கு இன்னிக்குக் கடைசி நாள். நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன். நீங்க முன்ன சொன்னபடி எழுதினா, உங்க மூளை கெட்டுப்போச்சின்னு நீங்களே கையெழுத்து போட்டதா ஆகும். கெடல. தூக்க மாத்திரை போட்டுட்டு தூங்காம நடமாடினா, செய்யறது எதுவும் ஞாபகத்துல பதியாமப் போகலாம், அது யாரா இருந்தாலும். எது வேணும்னு நீங்க சொல்லுங்க, அத எழுதறேன்."

தென்னரசு தன் இரண்டு கையையும் விரித்து முழங்கால் மேல் வைத்துப் பார்த்தார். ஸ்டியரிங் பிடித்த இடத்தில் தோல் மஞ்சளாகக் காய்த்திருந்தது.

"அப்ப நான் எங்கியும் போகல," என்றார்.

"இல்லண்ணே," என்றேன்.

"உள்ள எவனும் இல்ல."

"இல்ல."

அவர் மூச்சை விட்டார். "சரி. எழுது. அன்னிக்கு நான் குடிச்ச கூழுல தூக்க மாத்திரை இருந்துச்சி, எனக்குத் தெரியாதுன்னு எழுது. யாரு கலந்தாங்கன்னு வேணாம்."

"வேணும்," என்றாள் அம்சவள்ளி. "என் பேரப் போடு க்கா."

"நீ சும்மா இரு."

"எட்டு நாளா சும்மாத்தான் இருந்தேன். நீங்க லைசென்ஸக் கொண்டு போய்க் குடுக்கறேன்னு கெளம்பற வரைக்கும் சும்மா இருந்தேன். பேரு போடாம அனுப்பினீங்கன்னா, நான் நேரா காலேஜுக்குப் போயி நோட்டீஸ் குடுத்த அதிகாரி முன்னால சொல்லிட்டு வருவேன். பஸ்ஸு எனக்கும் தெரியும்."

"உள்ள வெச்சா?"

"வெக்கட்டும். அங்கியாவது தூங்கறேன்."

பிரான்சிஸ் வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பினார். தென்னரசுவுக்கும் உதட்டோரம் லேசாக இழுத்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. "அவ சொல்றபடி போடு மா," என்றார்.

எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். கடிதத்தை முழுதாக இங்கே தரவில்லை, முக்கியமான பகுதி இது:

"எனக்குத் தூக்கமின்மைக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் பாதியை, என் மனைவி அம்சவள்ளி எனக்குத் தெரிவிக்காமல் ஐம்பத்திரண்டு நாட்கள் இரவு உணவில் கலந்து கொடுத்துவந்தார். நான் நன்றாகத் தூங்க வேண்டும் என்பது தவிர வேறு எண்ணம் அவருக்கு இல்லை. சம்பவத்துக்கு முந்தின இரவு குடிக்காமல் விட்ட கூழை, அதில் மாத்திரை இருப்பது தெரியாமல், காலையில் குடித்துவிட்டுப் பணிக்கு வந்தேன். ஜக்காம்பேட்டையிலிருந்து முண்டியம்பாக்கம் வரை பேருந்தை ஓட்டியது நானே. ஆனால் அது எனக்கு நினைவில் இல்லை. மது, கஞ்சா எதுவும் நான் உட்கொள்ளவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவை வரவழைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மருத்துவர் தகுதிச் சான்று தரும்வரை எந்த வாகனமும் ஓட்டமாட்டேன். என் ஓட்டுநர் உரிமத்தை நான் ஒப்படைக்கவில்லை."

'நானே' என்ற சொல் அவர் போடச் சொன்னது. நான் 'என்னால் ஓட்டப்பட்டது' என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது நிறுத்தி மாற்றச் சொன்னார். 'வேறு எண்ணம் இல்லை' என்ற வரியை அம்சவள்ளி எடுக்கச் சொன்னாள். அவர் எடுக்கக்கூடாது என்றார். அது இருந்தது.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மலர்விழி தானும் போடுகிறேன் என்று இடது கையால், நேரில் கண்டவள் என்று எழுதி, தன் பெயரையும் கோணலாகப் போட்டாள். அவள் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வாளோ, நான் கேட்கவில்லை. பிரான்சிஸிடம் தாளை நீட்டினேன். "நான் பிரேக் புடிக்கலன்னு சொன்னவன், என் கையெழுத்து எதுக்கு?" என்றார். பிறகு பேனாவை வாங்கி அவரும் போட்டார்.

இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை அவர்களிடம் கொடுத்தேன், ஒன்று எனக்கு. மூலத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டு, பசை தடவி, ஓரத்தை நகத்தால் இழுத்து ஒட்டினேன். போஸ்ட் ஆபீசுக்கு நாங்கள் மூன்று பேர் நடந்து போனோம். வழியில் அம்சவள்ளி நாலடி பின்னால் வந்தாள். தென்னரசு ஒரு இடத்தில் நின்று, அவள் வந்து சேர்ந்ததும் நடந்தார்.

ஸ்பீட் போஸ்ட் கவுண்டரில் இருந்த பெண் உறையை வாங்கி எடை போட்டாள். "உள்ள என்ன?" என்று கேட்டாள்.

"லெட்டர்," என்றார் தென்னரசு.

அவள் ஸ்டிக்கரை ஒட்டி, முத்திரை குத்தி, திரும்பிப் பார்க்காமல் பின்னால் இருந்த பையில் போட்டாள்.